முட்டிக்குப் பின்னால் வீக்கம்: நீர்க்கட்டியா, ரத்தக் கட்டா?

என் அம்மாவுக்கு இடது முட்டியின் பின்பக்கம், பிங்பாங் பந்தில் பாதி அளவுக்கு ஒரு நீர்க்கட்டி ஆறு வருடமாக இருக்கிறது. பேக்கர் கட்டி என்பார்கள். 1877-ல் இதை விவரித்து எழுதிய அறுவை மருத்துவர் வில்லியம் மோரன்ட் பேக்கரின் பெயர் அது. மூட்டுத் தேய்மானம் உள்ளவர்களுக்கு, மூட்டில் அதிகமாகச் சுரக்கும் நீர் பின்னால் உள்ள பைக்குள் போய்த் தேங்கிக்கொள்கிறது.

ஒரு நாள் காலையில் அதே காலில் கெண்டைக்கால் வீங்கியிருந்தது. "அந்தக் கட்டிதான் உடைஞ்சிருக்கும், விடுடி" என்றாள் அம்மா. நானும் விட்டுவிட்டேன். மறுநாள் ஸ்கேனில் கட்டி உடையாமல் அப்படியே இருந்தது. ஆழமான ரத்தக்குழாயில் ரத்தம் உறைந்திருந்தது. கட்டி இருக்கிறது என்பதற்காக உறைவு இல்லை என்று ஆகிவிடாது. இரண்டும் ஒரே காலில் சேர்ந்தே இருக்கலாம். பெரிய கட்டி பக்கத்துக் குழாயை அழுத்தவும் செய்யும்.

சரி, வீட்டில் எதைக் கவனிக்கலாம்? கட்டியென்றால் பெரும்பாலும் முட்டியின் பின்குழியில் கைக்குத் தட்டுப்படும். காலை நீட்டினால் இறுகும், பாதி மடக்கினால் இளகும். நிறைய நடந்த நாளில் பெரிதாகும், பிறகு கொஞ்சம் வற்றும்.

குழப்பமே அது உடையும்போதுதான். உள்ளிருக்கும் நீர் கெண்டைக்காலுக்குள் இறங்கி, திடீர் வலி, வீக்கம், சிவப்பு, சூடு என்று உறைவைப் போலவே காட்டும். தோலுக்கு அடியில் தண்ணீர் ஓடுவது போல இருந்தது என்று சிலர் சொல்வார்கள். சிலருக்கு அப்புறம் கணுக்காலின் கீழே ரத்தம் கன்றியது போல ஒரு பிறை தெரியும். அது எல்லோருக்கும் வராது. அதைப் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம் என்று காத்திருக்கவே வேண்டாம்.

உறைவில் தனியாக உருண்டை எதுவும் தட்டுப்படாது. கெண்டைக்கால் முழுக்க, சில நேரம் தொடை வரை, கனத்து வலிக்கும். விரலால் அழுத்தினால் குழி விழலாம். ஆனால் காலைவிட முக்கியம், கடந்த சில வாரங்களில் என்ன நடந்தது என்பது. அறுவைசிகிச்சை, மூன்று நாளுக்கு மேல் படுக்கை, மாவுக்கட்டு, நீண்ட பயணம், புற்றுநோய், கர்ப்பம் அல்லது பிரசவம், கருத்தடை மாத்திரை, முன்பு வந்த உறைவு. இதில் ஒன்று இருந்தாலும் சந்தேகம் கூட வேண்டும். அம்மாவுக்குப் பித்தப்பை அறுவை முடிந்து மூன்றே வாரம் ஆகியிருந்தது. வயிற்றில் செய்த அறுவைக்கும் கால் வீக்கத்துக்கும் நான் முடிச்சுப் போடவே இல்லை. இன்றும் அதை நினைத்தால் மனசு ஆறவில்லை.

இரண்டு கெண்டைக்காலையும் இன்ச் டேப்பால் அளக்கலாம். முட்டிச்சில்லுக்குக் கீழே எலும்பு புடைத்திருக்கும் இடத்திலிருந்து 10 செ.மீ. இறக்கி, இரு காலிலும் ஒரே உயரத்தில் அளக்க வேண்டும். வித்தியாசம் 3 செ.மீ.க்கு மேல் போனால் மருத்துவர்கள் அதைக் கணக்கில் எடுப்பார்கள். ஆனால் உடைந்த கட்டியும் அவ்வளவு வீங்கும். பாதத்தை மேலே மடக்கி வலிக்கிறதா என்று பார்க்கும் பழைய சோதனையையும் நம்ப முடியாது.

உறுதியாகச் சொல்வது அல்ட்ராசவுண்ட் ஸ்கேன்தான். கருவியால் அழுத்தும்போது நல்ல ரத்தக்குழாய் தட்டையாகிவிடும், உறைவு உள்ளது ஆகாது. முட்டியின் பின்பக்கத்தையும் பார்க்கச் சொல்லுங்கள், கட்டியும் அதிலேயே தெரிந்துவிடும். டி-டைமர் என்பது உறைந்த ரத்தம் கரையும்போது ரத்தத்தில் சேரும் ஒரு பொருள். அதன் அளவைப் பார்க்கும் ரத்தப் பரிசோதனை, சந்தேகம் குறைவாக இருக்கும்போது உறைவு இல்லை என்று சொல்ல உதவும். வயது, தொற்று, அறுவை எதனாலும் அந்த அளவு ஏறும் என்பதால், ஏறியதை மட்டும் வைத்து உறைவு என்று சொல்லிவிட முடியாது.

அதுவரை காலைத் தேய்த்து அமுக்கிவிடாதீர்கள். வீட்டில் யாருக்கோ கொடுத்த ரத்தம் உறையாமைக்கான மாத்திரையையும் எடுத்துப் போட வேண்டாம். உடைந்த கட்டியாக இருந்தால் கெண்டைக்காலுக்குள் ரத்தம் கசியக்கூடும்.

மூச்சு வாங்கினால், மூச்சிழுக்கும்போது நெஞ்சு குத்தினால், இருமலில் ரத்தம் வந்தால், மயக்கம் வந்தால் ஸ்கேனுக்கு நேரம் வாங்கிக்கொண்டு இருக்காதீர்கள். நேராக அவசரப் பிரிவுக்குப் போங்கள். உறைவின் துண்டு நுரையீரலுக்குப் போயிருக்கலாம். காலில் கட்டி இருப்பதோடு, சமீபத்தில் நடந்த அறுவையையும் பயணத்தையும் அங்கே முதலில் பார்ப்பவரிடமே சொல்லிவிடுங்கள்.