‘அழகிகள் மீட்பு’ செய்திக்குப் பிறகு நாம் செய்யும் தவறுகள்

‘வாடகை வீட்டில் விபசாரம்: 2 அழகிகள் மீட்பு.’ காரைக்குடி டீக்கடைப் பெஞ்சில் இப்படி ஒரு செய்தி கண்ணில் படாமல் இருக்காது. அந்த ‘அழகி’ என்ற சொல்லை யார் கண்டுபிடித்தார்களோ! இருவரில் ஒருத்தி சமையல் வேலை என்று நம்பி பஸ் ஏறியவளாக இருக்கலாம். செல்போனைப் பிடுங்கி, முன்பணக் கடனைக் காட்டி அடைத்து வைத்திருக்கலாம். செய்தியில் அது வராது. பல சமயம் எஃப்.ஐ.ஆரிலும் வராது. ‘மீட்பு’ என்று அச்சாகும் அதே நாளில் அவள் குற்றவாளிப் பட்டியலில் ஏறிவிடுவதும் உண்டு.

முதலில் சட்டத்தைப் பற்றிய தப்பெண்ணம். 1956-ஆம் ஆண்டின் ஒழுக்கக்கேடான வணிகத் தடுப்புச் சட்டம் குறி வைப்பது விடுதி நடத்துபவரையும், ஆள் பிடிப்பவரையும், அந்த வருமானத்தில் பிழைப்பவரையும்தான். ஆனால் பெண்ணையே மாட்டிவிடும் இரண்டு பிரிவுகளும் அதில் இருக்கின்றன. பிரிவு 8, பொது இடத்தில் அழைப்பது. பிரிவு 7, கோயில், பள்ளி, ஆஸ்பத்திரி போன்ற இடங்களிலிருந்து 200 மீட்டருக்குள் தொழில் நடப்பது. காரைக்குடி கொப்புடையம்மன் கோயிலிலிருந்து எந்தப் பக்கம் நடந்தாலும் 200 மீட்டருக்குள் இன்னொரு கோயிலோ பள்ளிக்கூடமோ குறுக்கே வரும். நம் ஊர்களின் அமைப்பே அப்படி. அடைத்து வைக்கப்பட்டவள் அந்த வீட்டைத் தானாகத் தேர்ந்தெடுக்கவில்லை. ஆனாலும் வீடு இருக்கும் இடமே அவள் மேல் குற்றமாக விழுகிறது.

அடுத்ததுதான் இருப்பதிலேயே பெரிய தவறு: ‘பெட்டி கேஸ்தானே, ஒத்துக்கொண்டு ஃபைன் கட்டிவிட்டுப் போ’ என்ற அறிவுரை. பிரிவு 8-இல் முதல் முறை அபராதம் 500 ரூபாய்க்கு மேல் போகாது என்பதால் மலிவான வழியாகத் தெரியும். (ஆறு மாதம் வரை சிறைக்கும் அதே பிரிவில் இடம் உண்டு என்பதை யாரும் சொல்வதில்லை.) ஒத்துக்கொண்டால் அது தண்டனைப் பதிவு. பிறகு கடத்தியவன் மேல் வழக்கு நடக்கும்போது, எதிர்த்தரப்பு வக்கீல் முதலில் எடுப்பது அந்தக் காகிதத்தைத்தான்: ‘இவரே ஒப்புக்கொண்டவர்தானே?’ ஒத்துக்கொள்ளாமல் வழக்கு இழுத்தாலும் சிக்கல் உண்டு. கிரிமினல் வழக்கு நிலுவையில் இருந்தால் பாஸ்போர்ட்டை மறுக்கலாம். சிங்கப்பூரையும் மலேசியாவையும் நம்பிப் பிழைக்கும் நம் பக்கத்தில் அது எவ்வளவு பெரிய அடி என்று சொல்ல வேண்டியதில்லை. அதனால் மன்றாட வேண்டியது அபராதத்தைக் குறைக்க அல்ல, அவளைக் குற்றவாளிப் பட்டியலிலிருந்து எடுத்துச் சாட்சியாகக் கொண்டுவர. குற்றப்பத்திரிகை போய்விட்டாலும் அதை ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளைக்குப் போகலாம். நியூயார்க் மாநிலத்தில் கடத்தப்பட்டவர்கள் மேல் விழுந்த இப்படிப்பட்ட தண்டனைகளை நீக்க 2010-லேயே சட்டம் செய்தார்கள். நம்மிடம் அதற்கென்று தனிப் பிரிவு இல்லை.

ஜாமீனையும் கவனியுங்கள். அறிமுகமே இல்லாத வக்கீல் ஒருவர் தாமாக வந்து, செலவையும் ஏற்று, ஜாமீன்தாரரையும் கூட்டி வந்தால் நிம்மதிப் பெருமூச்சு விடாதீர்கள். அந்தப் பணம் பெரும்பாலும் புரோக்கரிடமிருந்து வருவது. அது அப்படியே பழைய கடனோடு சேரும். வாய்தாவுக்கு வாய்தா அவளைக் கூட்டி வருவதும் அவர்கள் ஆள்தான். கடைசியில் அவள் முன்பு சொன்னதை மாற்றிச் சொல்லிப் பிறழ் சாட்சி ஆகிறாள், நாமும் ‘பொய் சொல்லிவிட்டாள்’ என்கிறோம். கடத்தலுக்கு உள்ளானவர்களுக்கு இலவச வக்கீல் கேட்க 1987-ஆம் ஆண்டுச் சட்டம் உரிமை தருகிறது. சிவகங்கையில் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுத்தால் போதும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம்.

‘அவளாகத்தானே வந்தாள்’ என்பார்கள். சட்டப்படி இந்தக் கேள்விக்கே இடமில்லை. ஆள் கடத்தலில் பாதிக்கப்பட்டவரின் சம்மதம் பொருட்டல்ல என்று முன்பு இந்திய தண்டனைச் சட்டத்தின் பிரிவு 370 சொன்னது, 2024 ஜூலையிலிருந்து பாரதிய நியாய சன்ஹிதாவின் பிரிவு 143 சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதவள் என்றால் பேச்சே வேண்டாம், நேராகக் குழந்தைகள் உதவி எண் 1098. ஒரு விஷயம் மட்டும் எளிதில்லை. இரண்டு வருடம் உள்ளே இருந்தவளையே புதிதாக வந்தவர்களுக்குக் காவலாக வைத்துவிடுவார்கள். ரெய்டில் அவள்தான் ‘நடத்தியவள்’ என்று எழுதப்படுவாள். கணக்கு நோட்டு யார் கையில், வாடகை யார் பேரில் என்று விசாரிக்காமல் அவள் பெயரை முதல் எதிரியாகப் போட்டால், உண்மையான ஆள் வழக்குக்கு வெளியிலேயே நின்றுகொள்வான்.

போட்டோவை வாட்ஸ்அப் குரூப்பில் தள்ளிவிடாதீர்கள். 2022 மே மாதம் உச்ச நீதிமன்றம், ரெய்டிலோ மீட்பிலோ பிடிபடும் பெண்களின் அடையாளம் வெளிவராதபடி பார்த்துக்கொள்ளச் சொன்னது. ஆணுறை வைத்திருந்ததைக் குற்றத்துக்கு ஆதாரமாகக் காட்டக் கூடாது என்பதும் அந்த உத்தரவில் உண்டு.

அப்புறம் வீட்டுக்காரர்கள். உரிமையாளர் சென்னையிலோ கோலாலம்பூரிலோ இருக்க, காவல்காரர் பொறுப்பில் கிடக்கும் பெரிய வீடுகள் நம்மிடம் நிறைய. தெரிந்தே வாடகைக்கு விட்டால் உரிமையாளருக்கும் 2 ஆண்டு வரை சிறை உண்டு. அந்தப் பயத்தில், போலீஸ் வருவதற்குள் ராத்திரியோடு ராத்திரியாக எல்லோரையும் காலி செய்யச் சொல்வார்கள். வீடு சுத்தமாகிவிடும். அந்தப் பெண் மட்டும் தேவகோட்டையிலோ திருச்சியிலோ வேறொரு வீட்டில் இருப்பாள். சந்தேகம் வந்தால் அவசர எண் 112-க்கோ பெண்கள் உதவி எண் 181-க்கோ பேசுங்கள். ‘தப்புத் தொழில் நடக்கிறது’ என்று மட்டும் சொல்லி வைத்துவிடாதீர்கள். ‘ஒரு பெண்ணை வெளியே விடாமல் வைத்திருக்கிறார்கள், கதவை வெளியிலிருந்து பூட்டுகிறார்கள்’ என்று கண்ணால் பார்த்ததைச் சொல்லுங்கள். வருகிற போலீஸ் எந்தப் பிரிவை மனதில் வைத்துக்கொண்டு வருகிறது என்பது பெரும்பாலும் அந்த முதல் வாக்கியத்தில் இருக்கிறது.