ஸ்வீப் மெஷ்ஷுக்கு சாலிட் மாடலைத் தயார் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரு பாகத்தில் விழும் அழுத்தத்தை (ஸ்ட்ரெஸ்) கணினியில் கணக்கிட, அதன் மாடலை எலிமென்ட் என்னும் சிறு துண்டுகளாகப் பிரிப்பதுதான் மெஷ்; அவை ஆறு முகக் கட்டிகளாக இருந்தால் ஹெக்ஸ் மெஷ். அது வேண்டும் என்று முடிவானதும் பலர் உடனே மாடலை வெட்டத் தொடங்கிவிடுகிறார்கள். கண்ணில் பட்ட இடத்திலெல்லாம் பிளேன் (வெட்டுத் தளம்) போட்டுக் கூறுபோட்ட பிறகுதான் எந்தத் துண்டு ஸ்வீப் ஆகிறது என்று பார்க்கிறார்கள். ஆகாத துண்டை மறுபடி வெட்டுகிறார்கள். துண்டுகள் பெருகுகின்றன, அடம்பிடிக்கும் துண்டு மட்டும் அப்படியே இருக்கிறது. திசையை முடிவு செய்யாமல் வெட்டுவதுதான் முதல் தவறு. மற்ற தவறுகளில் பாதி இதிலிருந்தே பிறக்கின்றன.

ஸ்வீப் செய்வது முறுக்கு பிழியும் அச்சின் வேலையைப் போன்றது. ஒரு முகத்தில் நாற்கோண மெஷ் போட்டு, அதே வடிவத்தை அடுக்கடுக்காக எதிர்முகம் வரை தள்ளிக்கொண்டு போகிறது. தொடங்கும் முகம் சோர்ஸ், முடியும் முகம் டார்கெட். இரண்டையும் இணைக்கும் பக்க முகங்களில் வரிசையும் நெடுவரிசையுமாகக் கட்டம் போட முடிய வேண்டும். ஆகவே ஒரு துண்டைப் பார்த்ததும் கேட்க வேண்டியவை: சோர்ஸ் எது, டார்கெட் எது, நடுவில் வழியை மறிப்பது எது?

குழாய் வேலையில் எல்லோரும் பார்த்திருக்கும் ஒரு பாகத்தை எடுத்துக்கொள்வோம்: 4 அங்குல, கிளாஸ் 150 (அழுத்த வகுப்பு) வெல்ட் நெக் ஃபிளாஞ்ச், அதாவது குழாய் முனையில் வெல்ட் செய்து, போல்ட் போட்டு இணைக்கும் வளையத் தட்டு. ஏஎஸ்எம்இ பி16.5 என்ற ஃபிளாஞ்ச் தரநிலையின் அளவுப்படி இதில் 8 போல்ட் துளைகள். துளை விட்டம் சுமார் 19 மி.மீ., துளை மையங்கள் அமைந்த போல்ட் வட்டத்தின் விட்டம் 190.5 மி.மீ. கேஸ்கெட் (கசிவைத் தடுக்கும் வளையம்) உட்காரும் ரெய்ஸ்டு ஃபேஸின் விட்டம் 157.2 மி.மீ., அது எழும்பி நிற்பது வெறும் 2 மி.மீ. மறுபக்கம் ஹப் எனும் கழுத்து, அடியில் விட்டம் 135 மி.மீ.

இதை முழுசாக அச்சுத் திசையில், அதாவது குழாயின் நீளவாக்கில், ஸ்வீப் செய்யப் பார்த்தால் நடக்காது. ஒரு பக்கம் ஹப்பின் வட்டம், எதிர்ப்பக்கம் ரெய்ஸ்டு ஃபேஸின் வட்டம். இரண்டும் ஒன்றுக்கொன்று நேராக இல்லை. சுற்றுத் திசையில் போனால் போல்ட் துளைகள் குறுக்கே நிற்கின்றன. இங்கே பெரும்பாலானோர் ஃபிளாஞ்ச் தட்டின் மேல்மட்டத்தில் ஒரு பிளேன் போட்டு ஹப்பைத் தனியாக எடுக்கிறார்கள். பார்க்க நியாயமாகத்தான் தெரியும். ஆனால் ஹப்பின் அடியில் ஃபில்லட் (வளைத்து உருட்டிய மூலை) இருக்கிறது, அது தட்டின் மேல்முகத்தைத் தொடுகோடாக வந்து தொடுகிறது. அந்தப் பிளேனில் வெட்டினால் ஹப் துண்டின் ஓரம் கத்தி விளிம்பாகக் கூர்ந்து, கோணம் பூஜ்யத்துக்குப் போகிறது. அங்கே விழும் எலிமென்ட்டுகள் நசுங்கித்தான் இருக்கும். இந்த ஃபிளாஞ்சில் அழுத்தத்தைக் கவனித்துப் பார்க்க வேண்டிய இடமும் அதே ஃபில்லட்தான் என்பதை மறந்துவிடக் கூடாது.

சரியான வெட்டு வேறு இடத்தில் இருக்கிறது. 78.6 மி.மீ. ஆரத்தில், அதாவது ரெய்ஸ்டு ஃபேஸின் ஓரத்தில், ஒரு உருளையால் தட்டை ஊடுருவி வெட்டுங்கள். உள்ளே இருப்பதெல்லாம், ஹப்பும் ஃபில்லட்டும் ரெய்ஸ்டு ஃபேஸும், ஒரே குறுக்குவெட்டைச் சுற்றிச் சுழற்றிய வடிவம். அதைச் சுற்றுத் திசையில் ஸ்வீப் செய்யலாம். வெளியே மிஞ்சுவது துளைகள் கொண்ட தட்டையான வளையம்; அதை அச்சுத் திசையில். ஹப் அடி ஆரம் 67.5 மி.மீ. என்பதால் 5 மி.மீ. ஃபில்லட் வந்தாலும் வெட்டுக்குள் அடங்கிவிடும். அந்தப் பக்கம் துளையின் உள்விளிம்பு சுமார் 85.7 மி.மீ. ஆரத்தில் இருப்பதால் 7 மி.மீ. இடைவெளியும் கிடைக்கிறது. உருளை எதையும் தொடுகோடாகத் தொடுவதில்லை.

முழு வளையத்தைச் சுற்றுத் திசையில் ஓட்டும்போது தொடக்கமும் முடிவும் கிடையாது. பல மென்பொருள்களில் அதற்கென்று ஒரு ஆர வெட்டாவது வேண்டும். இரண்டு துளைகளுக்கு நடுவே வெட்டி 45 டிகிரித் துண்டுகளாக்கினால் சோர்ஸும் டார்கெட்டும் தானாக அமைந்துவிடும். சுமையும் சமச்சீராக இருந்தால் ஒரே துண்டு போதும். முழு ஃபிளாஞ்சை மெஷ் செய்துவிட்டுப் பிறகு சமச்சீரை யோசிப்பது வீண் உழைப்பு.

சுத்தம் செய்வதை வெட்டிய பிறகு தள்ளிப்போடுவதும் பரவலான தவறு. பாக எண் பொறிப்பு, 0.5 மி.மீ. சாம்ஃபர் (சரித்த விளிம்பு), மென்பொருள்களுக்கிடையே மாடலை மாற்றும் ஸ்டெப் கோப்பு வழியாக வந்த நூலிழை முகங்கள் இவையெல்லாம் வெட்டுவதற்கு முன்பே போக வேண்டும். வெட்டியபின் செய்தால் ஒவ்வொரு துண்டிலும் தனித்தனியாகச் செய்ய வேண்டிவரும். ஆனால் எல்லா விளிம்பும் எதிரி அல்ல. சோர்ஸிலிருந்து டார்கெட் வரை முழுசாக ஓடும் விளிம்பு பொதுவாகத் தொல்லை தராது. பக்க முகத்தில் பாதி வழியில் நின்றுவிடும் விளிம்புதான் கட்டத்தைக் கலைக்கும். அதைத் தேடி அழியுங்கள், அல்லது மாடலை மாற்றாமல் முகங்களை ஒன்றாகக் கருதவைக்கும் விர்ச்சுவல் டோப்பாலஜியில் முகங்களைச் சேர்த்துவிடுங்கள். இந்த வேகத்தில் உள்மூலை ஃபில்லட்டையும் சேர்த்து நீக்கிவிடாதீர்கள். கூர்மையான உள்மூலையில் மெஷ்ஷை நுணுக்க நுணுக்க அழுத்தம் ஏறிக்கொண்டே போகும்; அந்த எண்ணுக்கு எந்த அர்த்தமும் இல்லை.

பாதியில் நிற்கும் துளைகளில் ட்ரில் முனையின் 118 டிகிரிக் கூம்பை அப்படியே வைத்திருப்பார்கள். அழுத்தம் அங்கே முக்கியமில்லை என்றால் அடியைத் தட்டையாக்கி, அந்த மட்டத்தில் ஒரு வெட்டுப் போட்டு, துளையின் உருளையை எதிர்முகம் வரை நீட்டி வெட்டிவிடுங்கள். மேல் துண்டிலும் கீழ்த் துண்டிலும் முகங்களின் அமைப்பு ஒன்றாகிவிடும்.

வெட்டிய துண்டுகள் ஒன்றோடொன்று ஒட்டியிருக்கின்றனவா என்று பார்க்காமல் விடுவது ஆபத்தான தவறு. மெஷ் அழகாக வந்திருக்கும், நோடுகள் (எலிமென்ட்டுகளின் மூலைப் புள்ளிகள்) மட்டும் எல்லையில் பொருந்தாமல் இருக்கும். ஆன்சிஸ் மென்பொருளில் ஷேர் டோப்பாலஜி (துண்டுகள் எல்லை முகத்தைப் பகிரும் அமைப்பு) விடுபட்டால், தானாக உருவான பாண்டட் கான்டாக்ட் (இரு முகங்களையும் ஒட்டியதாகக் கருதும் இணைப்பு) அந்த இடைவெளியை மூடிவிடும். கணக்கு ஓடிவிடுவதால் யாரும் சந்தேகப்படுவதில்லை. வெட்டின் ஓரத்தில் அழுத்தக் கோடுகள் உடைந்து தெரியும்போதுதான் பிடிபடும். அபாகஸ் மென்பொருளில் பார்ட்டிஷன் செய்தால் துண்டுகள் ஒரே பார்ட்டாகவே இருப்பதால் இந்தக் கவலை இல்லை.

ஒட்டியிருப்பதற்கு விலையும் உண்டு: ஒரு துண்டில் கொடுக்கும் பிரிவு எண்ணிக்கை அடுத்த துண்டுக்கும் பாயும். நம் ஃபிளாஞ்சில் உள்வளையத்தின் சுற்றுப் பிரிவுகளும் வெளிவளையத்தின் உள்வில்லின் பிரிவுகளும் ஒன்றாகத்தான் இருக்க முடியும். இரண்டிலும் வெவ்வேறு எண்ணைக் கட்டாயமாகக் கொடுத்தால் மெஷ் தோற்கும். பழி ஜியோமெட்ரி மேல் விழும். நாற்கோணங்கள் மட்டும் வேண்டுமென்றால், சோர்ஸ் முகத்தின் எல்லைப் பிரிவுகளின் மொத்தமும் இரட்டைப்படையாக இருக்க வேண்டும்.

அபாகஸில் துண்டு மஞ்சளாக மாறியதும் வேலை முடிந்தது என்று நினைக்காதீர்கள். ஸ்வீப் ஆகும் என்பதற்குத்தான் அந்த நிறம், தரத்துக்கு அல்ல. வளையும் தட்டில் தடிமனுக்கு ஒரே ஒரு சி3டி8ஆர் (அபாகஸின் 8 நோடு ஹெக்ஸ்) எலிமென்ட் வைத்தால், அதன் ஒரே கணக்கீட்டுப் புள்ளி நடுத்தளத்தில் உட்கார்ந்து வளைவழுத்தத்தைப் பூஜ்யம் என்று காட்டும். குறைந்தது நான்கு அடுக்கு வையுங்கள், இல்லையெனில் சி3டி20ஆர் (20 நோடு ஹெக்ஸ்) போன்ற இருபடி எலிமென்ட்டுக்குப் போங்கள்.

வார்ப்பு ஹவுசிங், கிளைகள் பின்னிய மேனிஃபோல்டு போன்றவற்றை முழுக்க ஸ்வீப் செய்ய நாள்கணக்கில் வெட்டுவதை நான் ஆதரிப்பதில்லை. அங்கே 10 நோடு டெட் (நான்முக எலிமென்ட்) நன்றாகவே விடை தரும். 4 நோடு டெட் வளைவில் விறைத்துக்கொள்ளும் என்பதால் அதை மட்டும் தவிருங்கள். ஹெக்ஸ் கட்டாயம் வேண்டிய பகுதி இருந்தால் அதை மட்டும் தனியே வெட்டி ஸ்வீப் செய்து, மீதியை டெட்டுக்கு விட்டுவிடலாம்.