ஒன்பதரை மணிச் சோறு: வளரும் பிள்ளைகளோடு சேர்ந்து சாப்பிடும்போது நடக்கும் தவறுகள்

பத்தாம் வகுப்புப் படிக்கும் பிள்ளையின் ஒரு நாளை மணிக்கணக்கில் எழுதிப் பாருங்கள். காலை 7 மணிக்கு வேன். 12:30-க்கு டப்பா சாப்பாடு. 4:30-க்கு வீடு, 5:30-க்கு ட்யூஷன், திரும்பி வர 8:30. அப்பா வேலை முடிந்து வந்து கை கால் கழுவி, எல்லோரும் தட்டு முன் உட்காரும்போது 9:30. மதியச் சாப்பாட்டுக்கும் இரவுச் சாப்பாட்டுக்கும் நடுவே ஒன்பது மணி நேரம். அதில் டீயும் நாலு பிஸ்கட்டும், வழியில் ஒரு பப்ஸும் உள்ளே போயிருக்கும். கூல்டிரிங்க்ஸும் சேர்ந்தால், 300 மில்லி கோலாவில் மட்டும் சுமார் 30 கிராம் சர்க்கரை. இரவில் பசி செத்திருக்கும். இல்லையென்றால் சோற்றை மட்டும் அள்ளிப் போட்டுக்கொண்டு எழுந்துவிடும். 'சரியா சாப்பிடவே மாட்டேங்குது' என்று வீடுகளில் சொல்லப்படும் குறையில் பெரும்பங்கு இந்த இடைவெளியில்தான் உருவாகிறது.

மாலை நொறுக்குத்தீனியை நிறுத்தச் சொல்வது பலன் தராது. 4:30-க்கு ஒரு குட்டிச் சாப்பாடே கொடுத்துவிடுங்கள். ஆளுக்கு 30 கிராம் கொண்டைக்கடலையை முந்தின இரவே ஊறப்போட்டு வேகவைத்துத் தாளித்தால் ஒரு கிண்ணம் சுண்டல். அதில் ஏறக்குறைய 6 கிராம் புரதம். ஒரு முட்டையிலும் அதே அளவு. காலை மாவு மிச்சமிருந்தால் இரண்டு தோசை, அதோடு ஒரு டம்ளர் பால். இப்படிச் சாப்பிட்ட பிள்ளைக்கு இரவு 9:30-க்குக் குறைவாகப் பசித்தால் அது கணக்குப்படி சரி. அப்போது இரண்டு இட்லி போதும், வற்புறுத்த வேண்டாம்.

சேர்ந்து சாப்பிடுவது என்றாலே இரவுதான் என்று எண்ணுவது அடுத்த தவறு. ஞாயிறு காலை 8:30-க்குப் பொங்கலும் சாம்பாரும் வைத்து உட்கார்வதும் சேர்ந்து சாப்பிடுவதே. வாரநாளில் காலை 6:40-க்கு எல்லோரும் பத்து நிமிடம் உட்கார முடிந்தால் அதுவும் கணக்கில் வரும். ஆனால் பருவ வயதில் உறக்க நேரம் இயல்பாகவே பின்னால் தள்ளிப் போகும். எழுந்த கால் மணியில் பல பிள்ளைகளுக்கு வாயில் எதுவும் இறங்காது. சோம்பேறித்தனம் என்று திட்டாமல், எழுந்ததற்கும் தட்டுக்கும் நடுவே அரை மணி நேரமாவது விடுங்கள். வீட்டில் எல்லோரும் இல்லாவிட்டால் பரவாயில்லை. பெரியவர் ஒருவர் பிள்ளையோடு உட்கார்ந்து சாப்பிட்டால் போதும். பரிமாறிக்கொண்டே நிற்பது சேர்ந்து சாப்பிடுவது ஆகாது.

பரிமாறுவதைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும். பல வீடுகளில் அம்மாதான் கடைசியில் சாப்பிடுகிறார். வயதுக்கு வந்த மகளும் மெல்ல அந்த வரிசையில் போய்ச் சேர்கிறாள். அடிச்சட்டியில் அவளுக்கு மிஞ்சுவது ரசமும் சோறும். இரும்புச்சத்து அதிகம் தேவைப்படுவதோ அவளுக்குத்தான். ஐதராபாத் தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2020-இல் தந்த பரிந்துரையின்படி 13 முதல் 15 வயதுப் பெண்பிள்ளைக்கு நாளுக்கு 30 மில்லிகிராம் இரும்பு, 16 முதல் 18 வயதில் 32. அதே வயது ஆண்பிள்ளைகளுக்கு 22, 26. தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு 2019-21-இல் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59.1 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது. பாத்திரங்கள் எல்லாவற்றையும் நடுவில் வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் உட்கார்ந்து அவரவரே போட்டுக்கொள்ளும் பழக்கத்தைக் கொண்டுவாருங்கள். செலவே இல்லாத மாற்றம் இது.

சாப்பிட்ட கையோடு டீ, காபி குடிப்பதை விடுங்கள். அவற்றிலுள்ள டானின், கீரையிலும் பருப்பிலும் இருக்கும் இரும்பை உடம்பு ஏற்காமல் தடுக்கும். சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் ஒரு மணி நேரம் இடைவெளி வேண்டும். எதிர்த்திசையில் வேலை செய்வது வைட்டமின் சி: சுண்டலில் எலுமிச்சை பிழிவது, சாப்பாட்டோடு ஒரு நெல்லிக்காய் அல்லது அரைக் கொய்யா தருவது. பள்ளியில் வாரம் ஒருமுறை தரும் நீல நிற இரும்பு மாத்திரையை (60 மில்லிகிராம் இரும்பு) வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். அதனாலேயே பல பிள்ளைகள் மாத்திரையை நிறுத்திவிடுகிறார்கள். சாப்பிட்ட பிறகு, டீயும் பாலும் இல்லாமல், தண்ணீரில் போடச் சொல்லுங்கள்.

சாம்பார் இருக்கிறது, சத்து இருக்கிறது என்று நம்பிவிடுவதும் உண்டு. நான்கு பேருக்கு 100 கிராம் துவரம்பருப்பு போட்டால் ஆளுக்கு ஐந்தரை கிராம் புரதம். பல வீடுகளில் போடுவது ஒரு கைப்பிடி, அதாவது 50 கிராம். அந்த நீர்த்த சாம்பாரில் ஆளுக்கு மூன்று கிராம்கூட வராது. 16 முதல் 18 வயதுப் பையனுக்கு ஒரு நாளைக்கு 55 கிராமும், பெண்ணுக்கு 46 கிராமும் வேண்டும். அரிசி மூன்று பங்கென்றால் பருப்பு ஒரு பங்கு. எடையில் இந்தக் கணக்கை வைத்துக்கொண்டால் பெரிதாகத் தவறாது. அன்று பருப்பு குறைந்தால் முட்டைப் பொடிமாஸோ, மீனோ, ஒரு கிண்ணம் தயிரோ, வறுத்த வேர்க்கடலையோ ஈடுகட்டும்.

காயிலும் இதே கதை. கால் கிலோ பீன்ஸை நான்கு பேருக்குப் பொரியல் செய்தால் ஆளுக்கு 60 கிராம்தான். தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் சொல்வது கீரையும் சேர்த்து நாளுக்கு 400 கிராம் காய். வேளைக்கு அரை கிலோவிலிருந்து தொடங்குங்கள். வரிசையையும் மாற்றிப் பாருங்கள்: சோறு வடித்து இறக்கும் அந்தப் பத்து நிமிடத்தில் பொரியலையும் வெள்ளரி, கேரட் துண்டுகளையும் முதலில் வைத்துவிட்டால், பசியிருக்கும் கை தானாக அங்கே போகும். சாம்பார், ரசம், மோர் என்று மூன்று சுற்றுச் சோறு முடிந்தபின் 'பொரியல் அப்படியே இருக்கே' என்று சொல்வது தாமதம்.

'கீரையைச் சாப்பிட்டா ஐஸ்கிரீம்' வேண்டவே வேண்டாம். கீரை தண்டனை, ஐஸ்கிரீம் பரிசு என்றே மனதில் பதியும்.

எல்லாவற்றையும் விடப் பெரிய தவறு பேச்சில் நடக்கிறது. அமெரிக்காவின் மின்னசோட்டா பல்கலைக்கழகத்தில் டயான் நியூமார்க்-ஸ்டைனர் தலைமையில் 1990-களின் கடைசியில் தொடங்கிய 'ப்ராஜெக்ட் ஈட்' ஆய்வு, குடும்பத்தோடு அடிக்கடி சாப்பிடும் பதின்வயதினர் பழம், காய், கால்சியம் நிறைந்த உணவுகளை அதிகமாகவும் குளிர்பானத்தைக் குறைவாகவும் எடுத்துக்கொள்வதைக் கண்டது. அதே ஆய்வுக் குழு, உடல் எடையைப் பற்றி வீட்டில் செய்யும் கேலிக்கும் பட்டினி கிடத்தல், கட்டுப்பாடின்றிச் சாப்பிடுதல் போன்ற பழக்கங்களுக்கும் உள்ள தொடர்பையும் பதிவு செய்தது. நம் வீடுகளில் அந்தக் கேலி பாசத்தோடுதான் வரும்: 'என்னடி, ஒரு சுத்து பெருத்துட்டே', 'இவன் இன்னும் எவ்ளோ திம்பான்?' பெண்பிள்ளை 11, 12 வயதிலும் பையன் 13, 14 வயதிலும் கிடுகிடுவென உயரும் காலம் அது. பசி கூடுவதும் பெண்ணுக்கு உடம்பில் கொழுப்பு சேர்வதும் அந்த வளர்ச்சியின் பகுதி. கேட்ட சொல் மறக்காது. தட்டு முன் உட்காரும் ஆசைதான் போய்விடும். மதிப்பெண், பக்கத்து வீட்டுப் பிள்ளை, ஃபீஸ் ஆகியவையும் தட்டு முன் வேண்டாம். பேச எதுவும் இல்லையென்றால் அமைதியாகச் சாப்பிட்டாலும் நல்லதே. ஃபோனைத் தள்ளி வைக்கும் விதி அப்பாவின் வாட்ஸ்அப்புக்கும் சேர்த்துத்தான்.

எதை, எப்போது, எங்கே தருவது என்பது பெற்றோர் பொறுப்பு. சாப்பிடலாமா, எவ்வளவு என்பது பிள்ளையின் முடிவு. ஊட்டச்சத்து நிபுணர் எலின் சாட்டர் வகுத்த இந்தப் பிரிவினையைப் பதின்வயதில் இன்னும் கொஞ்சம் தளர்த்தலாம். வாரத்தில் இரண்டு வேளை என்ன சமைப்பது என்பதைப் பிள்ளையே முடிவு செய்யட்டும், அதில் ஒன்றைத் தானே சமைக்கட்டும். எலுமிச்சைச் சோறும் முட்டைப் பொடிமாஸும் பதினான்கு வயதில் தாராளமாக வரும். தினமும் அதற்கென்று தனியாக நூடுல்ஸ் கிளறுவதை மட்டும் நிறுத்துங்கள். ஒரே மாவில் ஒருவருக்கு வெங்காய ஊத்தப்பம், இன்னொருவருக்கு முட்டைத் தோசை என்று மாற்றித் தருவது வேறு; தனிச் சமையல் வேறு.

சில அறிகுறிகளை மட்டும் அடம் என்று ஒதுக்கிவிடக் கூடாது: சாப்பிட்டதும் ஒவ்வொரு முறையும் குளியலறைக்குப் போய்க் கதவைப் பூட்டிக்கொள்வது, சாப்பாட்டைத் துண்டு துண்டாக்கித் தட்டிலேயே தள்ளிக்கொண்டிருப்பது, எடை வேகமாக இறங்குவது, மூன்று மாதம் மாதவிடாய் நின்றுபோவது. இவற்றில் ஏதேனும் தெரிந்தால் தட்டு முன் சண்டை போடாமல் குழந்தைநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள். மனநல ஆலோசனைக்கு அரசின் டெலி மானஸ் எண் 14416, தமிழிலேயே பேசலாம்.