கொலோனோஸ்கோபியும் ரெண்டு கடுகும்

"குழாய் விடும்போது வலிக்குமா?" கொலோனோஸ்கோபிக்கு, அதாவது கேமரா வைத்த குழாயால் பெருங்குடலைப் பார்க்கும் சோதனைக்கு, நாள் குறித்ததும் எல்லாரும் கேட்பது இதைத்தான். பெரும்பாலும் தூக்க மருந்து கொடுத்துத்தான் செய்கிறார்கள். நடந்ததே பலருக்கு நினைவிருக்காது. சொதப்புவது குழாய் அல்ல, அதற்கு முந்தைய சில நாள் சாப்பாடு.

கீரை, பருப்பு, சப்பாத்தி, கொய்யா, டிராகன் பழம் கூடாது என்று மருத்துவமனை கொடுத்த தாளில் போட்டிருந்தது. சரி என்று எல்லாவற்றையும் ஒதுக்கினேன். தயிர்சாதம்தானே, அதில் என்ன வந்தது என்று சாப்பிட்டேன். தாளிப்பை மறந்துவிட்டேன். அறிக்கையில் இருந்த படத்தில், இளஞ்சிவப்புக் குடல் சுவரில் ரெண்டு கடுகு பளபளவென்று ஒட்டிக்கொண்டிருந்தன! எள் தூவிய முறுக்கும் அப்படித்தான். வெள்ளைச் சோறு, அவித்த மீன், முட்டை, வெள்ளை ரொட்டி, அவ்வளவு போதும்.

அடுத்தது பேதி மருந்து. முன்தினம் மாலை ஒரு பாதி, சோதனை நாள் விடிகாலை மறுபாதி என்று பிரித்துக் கொடுப்பார்கள். "அதான் எல்லாம் வெளியே வந்துவிட்டதே" என்று நான்கு மணி அலாரத்தை அணைத்துவிட்டுத் தூங்குவது பெரிய தவறு. இரவெல்லாம் சிறுகுடலிலிருந்து பித்தமும் நீரும் இறங்கிப் பெருங்குடலின் வலப்பக்கத்தில் படியும். அதைக் கழுவத்தான் மறுபாதி. கழுவாவிட்டால் தட்டையான சின்னக் கட்டிகள் கண்ணில் படாமல் போகலாம். மருந்தைக் குளிர வைத்து ஸ்ட்ராவில் குடித்தால் குமட்டல் குறையும். கடைசியில் வெளியே போவது சிறுநீர் மாதிரி மஞ்சளாய்த் தெளிந்திருக்க வேண்டும்.

பேதி மருந்து குடிக்கும்போது தே-ஓ (பால் சேர்க்காத தேநீர்) குடிக்கலாம், தே தாரிக் (பால் தேநீர்) கூடாது. பண்டோங் (ரோஜா சிரப் கலந்த பால்) ரெட்டைத் தப்பு: பாலும் இருக்கிறது, சிவப்பும் இருக்கிறது. அந்தச் சிவப்பு உள்ளே ரத்தம் போலத் தெரியும்.

நீரிழிவு மாத்திரை, ரத்தம் உறையாமலிருக்கும் மருந்து இவற்றை நாமாக நிறுத்தவும் கூடாது, சொல்லாமல் தொடரவும் கூடாது. நாள் குறிக்கும்போதே கேட்டுவிடுங்கள். இரும்புச்சத்து மாத்திரையையும் சொல்லுங்கள். மலத்தைக் கறுப்பாக்கிக் குடலில் ஒட்டவைக்கும்.

அப்புறம் பயம். ஐம்பது வயதுக்கு மேல் வீட்டிலேயே செய்யும் மலப் பரிசோதனையில் ரத்தம் தெரிந்து இதற்கு வருபவர்கள் நிறைய. அதைப் புற்றுநோய் என்றே முடிவுகட்டி, ராத்திரி ரெண்டு மணிவரை கைப்பேசியில் தேடி, கடைசியில் சோதனையைத் தள்ளிப்போடுகிறார்கள். மூலநோயாலும் ரத்தம் வரும். சின்னக் கட்டி இருந்தால் பெரும்பாலும் அதே சோதனையில் வெட்டி எடுத்துவிடுவார்கள். பயமாக இருக்கிறது என்று தாதியிடம் வாய்விட்டுச் சொல்லுங்கள். தினமும் கேட்பவர்கள் அவர்கள்.

"கிராப் வாடகைக் கார் பிடித்து நானே வீட்டுக்கு வந்துவிடுவேன்" என்ற வீரமும் வேண்டாம். தூக்க மருந்து கொடுத்தால் கூட்டிப்போக ஆள் வேண்டும். அன்று வண்டி ஓட்டவே கூடாது.

விழித்ததும் வயிறு உப்பியிருக்கும். உள்ளே செலுத்திய காற்றுதான். அடக்கிக்கொண்டு படுத்திருக்காதீர்கள். பக்கத்துக் கட்டிலிலும் அதே சத்தம்தான் கேட்கும்.