வாஷிங் மெஷின் ஒழுகுகிறதா? இதையெல்லாம் செய்யாதீர்கள்

பிளக்கைப் பிடுங்குவது, குழாயை மூடுவதெல்லாம் எல்லாருக்கும் தெரியும், அதை விடுங்கள். கடையில் வேலை பழகும் பையன்களும், வீடியோ பார்த்து வீட்டிலேயே மெஷினைப் பிரிக்கிறவர்களும் சறுக்குகிற இடங்கள் வேறு.

தண்ணீர் தேங்கிய இடத்தை நம்புவது

தரை எந்தப் பக்கம் வாட்டமோ அங்கேதான் தண்ணீர் போய் நிற்கும். எங்கே நிற்கிறது என்பதை விட்டு எப்போது வருகிறது என்று பாருங்கள். நிரம்பும்போதே வந்தால் இன்லெட் ஹோஸ் அல்லது பவுடர் டிரே. வெளியேறும்போது மட்டும் வந்தால் டிரெயின் பம்ப், அதன் ஹோஸ். துவைக்கும்போது முன்பக்கம் வந்தால் கதவு ரப்பர். மடிப்பை விரித்துப் பார்த்தால் பெரும்பாலும் ஹேர்பின் கிழித்திருக்கும்.

இன்லெட் ஹோஸில் டெஃப்லான் டேப்

அங்கே தண்ணீரை நிறுத்துவது மரை இல்லை, உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர். அதை மாற்றுங்கள்.

ஒழுகும் இடத்தில் எம்சீல்

வேண்டாம். அதிர்கிற பாகத்தில் நிற்காது.

புது பேரிங், பழைய சீல்

இதைப் பார்த்தால் எனக்கு இன்றைக்கும் கோபம் வரும். முன்பக்கக் கதவு மெஷினில் டிரம்மின் தண்டு, அதைச் சுற்றித் தண்ணீர் நிற்கும் தொட்டியான டப்பின் பின்சுவர் வழியாக வெளியே வருகிறது. அந்தத் துளையில் தண்ணீரைத் தடுப்பது ஒரு ஆயில் சீல். அது தேய்ந்தால் சோப்புத் தண்ணீர், தண்டைத் தாங்கிச் சுழலவிடும் பேரிங்குக்குள் இறங்கி கிரீஸைக் கழுவிவிடும். அப்புறம் துரு, ஸ்பின்னில் அலறல். சத்தம் போடுவது பேரிங் என்பதால் பழியும் அதன்மேல் விழுகிறது. கெடுத்தது சீல்.

ஒருவர் தானே மெஷினைப் பிரித்து நல்ல பேரிங் வாங்கிப் போட்டார். வேலை சுத்தம். ஆனால் "சீல் பார்க்க நல்லாத்தானே இருந்துச்சு" என்று பழையதையே அடித்து வைத்துவிட்டார். சில மாதத்தில் என்னைக் கூப்பிட்டார். பின்மூடியைக் கழற்றினால் புல்லிக்குப் பின்னாலிருந்து டப்பின் அடிவரை காவி நிறத்தில் ஒரு கோடு. தண்டையும் துரு தின்றிருந்தது. டிரம்மையே மாற்ற வேண்டியதாயிற்று. ஒரு ரப்பர் வளையத்தை மிச்சம் பிடிக்கப்போய் வந்த செலவு அது!

பேரிங்கைக் கழற்றினால் சீலும் புதிதாகத்தான் போட வேண்டும். பழையது எந்தப் பக்கம் பார்த்து உட்கார்ந்திருந்தது என்று முதலில் போட்டோ எடுங்கள். தண்டில் சீல் உராயும் உலோக வளையமான புஷ்ஷில் நகத்தை ஓட்டிப் பாருங்கள். பள்ளம் தட்டுப்பட்டால் புதுச் சீலும் ஒழுகும். சீலின் உள்விளிம்பில் தண்ணீர் கழுவாத கிரீஸ் தடவி, மரக்கட்டை வைத்துச் சுற்றிலும் சமமாகத் தட்டி இறக்குங்கள். சில மாடல்களில் டப்பின் இரண்டு பாதியும் ஒட்டியே வரும். சுற்றி ஸ்க்ரூ இல்லையென்றால் வீட்டில் கை வைக்காதீர்கள்.

கைத்துவையல் பவுடர்

நுரை பொங்கி டிரே வழியாக வரும். பவுடரை மாற்றினால் போதும்.

டிரெயின் ஃபில்டரைக் கோணலாக ஏற்றுவது

சொட்டும். ரப்பர் வளையத்தில் ஒட்டிய முடியையும் மணலையும் துடைத்துவிட்டு, நேராகப் பிடித்து ஏற்றுங்கள்.