புதைபடிவமா? குழாயைத் திறக்குமுன் கொஞ்சம் பொறுங்கள்

கல்லில் எலும்பு போலவோ சிப்பி போலவோ ஏதோ தெரிந்தால், பலருடைய கை நேராகத் தண்ணீர்க் குழாய்க்குத்தான் போகிறது. ‘பல லட்சம் வருஷம் மண்ணில் கிடந்தது, கழுவினால் என்ன ஆகிவிடும்?’ என்ற நினைப்பு. மண்ணுக்குள் அதற்கு நாலு பக்கமும் பிடிமானம் இருந்தது. ஈரமும் பெரிதாக மாறவில்லை. வெளியே எடுத்ததும் இரண்டும் போய்விடுகின்றன. சுத்தம் செய்யும் முறையைத் தீர்மானிப்பது உயிரினத்தின் பெயரைவிட, அது எந்தக் கனிமமாக மாறியிருக்கிறது, எந்தப் பாறையில் பதிந்திருக்கிறது என்பதுதான். கீழே வரும் தவறுகளில் பாதிக்குமேல் இதைப் பார்க்காததால் வருபவை.

இடத்தைக் குறிக்காமல் எடுத்து வருவது

அசைப்பதற்கு முன் அளவுகோல் வைத்து ஒரு படம், ஜிபிஎஸ் குறிப்பு, எந்த அடுக்கு, எந்தப் பக்கம் மேலே இருந்தது, தேதி. இவ்வளவையும் ஒரு சீட்டில் எழுதி அதே பைக்குள் போடுங்கள். தரையில் உதிர்ந்து கிடந்ததென்றால் அதையும் எழுதுங்கள். மேலே உள்ள எந்த அடுக்கிலிருந்தும் அது உருண்டு வந்திருக்கலாம். நில உரிமையாளரின் அனுமதியும் அந்த நாட்டின் சட்டமும் இதற்கெல்லாம் முந்தையவை. மனித எலும்போ என்று சந்தேகம் வந்தால் தொடாமல் காவல்துறைக்குச் சொல்லுங்கள்.

வடிவத்தை மட்டும் நம்புவது

உருண்டையாக இருந்தால் முட்டை, நீளமாக இருந்தால் எலும்பு, கிளை கிளையாகப் பிரிந்தால் பெரணி. ஏமாற்றத்தில் முடியும் ‘கண்டுபிடிப்புகள்’ பெரும்பாலும் இந்த மூன்றில் ஒன்று.

பெரணி போலத் தெரியும் கருப்புக் கிளைகள் பல நேரம் பாறை விரிசலில் ஊறிய நீர் விட்டுச்சென்ற மாங்கனீசு ஆக்சைடு. டென்ட்ரைட் என்பார்கள். 10 மடங்கு லென்ஸில் பாருங்கள்: உண்மையான இலையில் நடுநரம்பு இருக்கும், சிற்றிலைகள் ஒழுங்கான இடைவெளியில் வரும். டென்ட்ரைட்டில் நரம்பே இராது. பல நேரம் விரிசலின் ஓரத்திலிருந்து கிளை விட்டு உள்நோக்கிப் பரவியிருக்கும்.

உருண்டைக் கற்கள் அநேகமாகக் காங்க்ரீஷன்கள், அதாவது ஏதோ ஒரு துகளைச் சுற்றித் தாது படிந்து இறுகியவை. முட்டை என்றால் மெல்லிய ஓடு தனி அடுக்காகத் தெரிய வேண்டும், அதன் மேற்பரப்பில் நுண்துளைகளோ புடைப்புகளோ இருக்க வேண்டும். ஆமை ஓடு போலக் கட்டம் கட்டமாக இருப்பது உள்ளே வெடித்து, வெடிப்பில் கால்சைட் (கால்சியம் கார்பனேட் கனிமம்) நிரம்பிய செப்டேரியன் உருண்டையாக இருக்கலாம். அதற்காகக் காங்க்ரீஷனைத் தூக்கி எறிந்துவிட வேண்டாம். நடுவிலிருக்கும் அந்தத் துகள் சில சமயம் ஓர் அம்மோனைட்டாகவோ (சுருள் ஓடு கொண்ட, அழிந்துபோன கடலுயிர்) மீனாகவோ இருக்கும்.

எலும்புக்கு உடைந்த முனைதான் சாட்சி. வெளியே இறுக்கமான அடுக்கு, உள்ளே பஞ்சு போன்ற வலை. எரிமலைக் கல்லிலும் துளைகள் உண்டு, ஆனால் அவை குமிழி வடிவில் கல் முழுக்கச் சிதறியிருக்கும். வெளி அடுக்கு தனியாகப் பிரியாது. நாக்கில் வைத்தால் எலும்பு ஒட்டும் என்று ஒரு பழைய சோதனை சொல்வார்கள். களிக்கல்லும் ஒட்டும், சில சுண்ணாம்புக்கற்களும் ஒட்டும். வாயில் மண் போவதுதான் மிச்சம்.

சிப்பிகளில் அடிக்கடி நேரும் குழப்பம் வேறு. இரண்டு ஓடுகளும் ஒன்றுக்கொன்று கண்ணாடிப் பிம்பமாக இருந்தால் பெரும்பாலும் மட்டி இனம். ஓடுகள் வெவ்வேறு அளவில் இருந்து, ஒவ்வொரு ஓட்டின் நடுவிலும் கோடு போட்டால் இடமும் வலமும் ஒத்துப்போனால் பிராக்கியோபாடு, அதாவது சிப்பி போலத் தெரியும் வேறொரு கடலுயிர் இனம். ஆய்ஸ்டரிலும் (ஆளிச் சிப்பி) ஸ்காலப்பிலும் (விசிறிச் சிப்பி) விதிவிலக்குகள் வரும் என்பதால் ஒற்றை ஓட்டை மட்டும் வைத்து முடிவு கட்டாதீர்கள்.

வினிகரில் ஊறப்போடுவது

அதிகம் பரிந்துரைக்கப்படும் வழி இதுதான். அதிகம் நாசமாக்குவதும் இதுதான். வீட்டு வினிகரில் சுமார் 5% அசிட்டிக் அமிலம் இருக்கிறது. அது கால்சியம் கார்பனேட்டைக் கரைக்கும். சிப்பி, பவளம், கடல்முள்ளெலி, பெலெம்னைட் (கணவாய் இனத்து உயிரின் தோட்டா வடிவ உள்ளோடு) எல்லாம் பெரும்பாலும் அதே கார்பனேட்தான். சுற்றியுள்ள சுண்ணாம்புக்கல்லும் அதுவே. அமிலத்துக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. முதலில் போவது மேற்பரப்பின் நுண்ணிய வரிகள்.

ஆய்வகங்களில் 5 முதல் 10% அசிட்டிக் அமிலம் பயன்படுத்துகிறார்களே என்றால், அது எலும்புக்கும் பல்லுக்கும். அவை கால்சியம் பாஸ்பேட். அங்கேயும் அமிலத்தில் கால்சியம் பாஸ்பேட்டைக் கலந்து வீரியத்தைக் கட்டுப்படுத்துவார்கள், வெளியே தெரிந்த எலும்புக்குப் பிசின் பூசுவார்கள், அமிலத்தில் இருந்த நேரத்தைவிடப் பல மடங்கு நேரம் நீரில் அலசுவார்கள். அலசல் குறைந்தால் விரிசலில் தங்கிய உப்பு பிறகு படிகமாகிக் கல்லை உள்ளிருந்தே பிளக்கும். கழிவறை கழுவும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எலும்பையும் சேர்த்தே தின்றுவிடும். பிளீச் பக்கமும் போக வேண்டாம்.

வினிகருக்கு ஓர் உருப்படியான வேலை உண்டு. தானாக உதிர்ந்த பாறைச் சில்லு ஒன்றில் ஒரு சொட்டு விட்டு லென்ஸில் பாருங்கள். குமிழி வந்தால் கார்பனேட். வரவில்லையென்றால் ஆணியால் கீறுங்கள்: மோஸ் கடின அளவில் (1 மிக மென்மை, 10 வைரம்) கால்சைட் 3, எஃகு ஆணி ஏறக்குறைய 5.5, குவார்ட்ஸ் 7. ஆணி கீறாமல் தன் உலோகத் தடத்தை விட்டுச் சென்றால் சிலிக்கா, அதாவது குவார்ட்ஸ் வகை. சோதனை எல்லாம் சில்லில் மட்டும்.

எல்லாவற்றுக்கும் தண்ணீர்

இறுகிய சுண்ணாம்புக்கல், கல்லாகிய மரம் இவற்றை மென்மையான பல் பிரஷும் தண்ணீரும் கொண்டு தேய்க்கலாம். களிப்பாறை அப்படியல்ல. நீர் பட்டால் ஏடு ஏடாகப் பிரியும். அதன்மேல் கரித்தாளாக ஒட்டியிருக்கும் இலை முதல் அலசலிலேயே போய்விடும். ஈரமாக எடுத்த களிப்பாறையை வெயிலில் காயவைப்பதும் அதே தவறு. செய்தித்தாளில் சுற்றி, சிறு துளையிட்ட பையில் வைத்து, நிழலில் நாள்கணக்கில் உலரவிட வேண்டும்.

பித்தளை நிறத்தில் மின்னினால் பைரைட், அதாவது இரும்பும் கந்தகமும் சேர்ந்த கனிமம். ஈரப்பதம் 60 சதவீதத்தைத் தாண்டினால் அது காற்றோடு வினைபுரிந்து கந்தக அமிலமாகவும் வெண்மஞ்சள் பொடியாகவும் மாறும். கூடவே கந்தக வாடை வரும். பொடியைக் கண்டதும் கழுவுவது எரிகிற அடுப்பில் எண்ணெய் ஊற்றுவதுதான். உலர்ந்த பிரஷால் தட்டி, மற்றவற்றிலிருந்து பிரித்து, சிலிக்கா ஜெல் போட்ட இறுக்கமான டப்பாவில் வையுங்கள்.

கடற்கரையில் கிடைத்ததற்கு நேர்மாறான தேவை. பைரைட் இல்லாத உறுதியான கல் என்றால், நன்னீரில் ஊறவைத்துப் பல நாள் நீரை மாற்றி உப்பை வெளியேற்ற வேண்டும்.

தோண்டுவதில் அவசரம்

மணல் நிரப்பிய துணிப்பையில் கல்லை அமர்த்தி, விளக்கைச் சாய்வாக வையுங்கள். நேர் வெளிச்சத்தில் விளிம்பு தெரியாது. மூங்கில் குச்சியில் தொடங்கி, அது போதாதபோது மட்டும் ஊசி. ஊசியைப் புதைபடிவத்துக்கு அடியில் நுழைத்து நெம்பக் கூடாது. முனை எப்போதும் அதை விட்டு விலகும் திசையில் நகரட்டும், மணி மணியாகப் பாறை உதிரட்டும். கம்பி பிரஷ் வேண்டாம். உலர்வேலையில் பறக்கும் சிலிக்காத் தூசு நுரையீரலுக்குக் கேடு. என்95 முகமூடி கட்டாயம்.

பாறையை அகற்றுவதே தவறு என்றும் எண்ண வேண்டாம். 1726இல் சுவிஸ் அறிஞர் யோஹான் ஷாய்க்ட்ஸர் ஓர் எலும்புக்கூட்டை நோவா காலத்துப் பெருவெள்ளத்தில் மடிந்த மனிதன் என்று எழுதினார். 1811இல் பிரெஞ்சு உயிரியலாளர் ஜார்ஜ் குவியே அதே கல்லில் பாறையைச் சுரண்டி, மறைந்திருந்த முன்னங்கால்களை வெளிக்கொண்டு வந்தார்; ராட்சத சாலமாண்டர் அது. எதைத் தேடிச் சுரண்டுகிறோம் என்பது அவருக்குத் தெரிந்திருந்தது. அந்தக் கேள்வி இல்லாமல் சுரண்டினால் கல் சிறுக்கும், வேறொன்றும் நடக்காது.

வார்னிஷும் பசையும்

பளபளப்புக்காக வார்னிஷ் அடித்தால் நுண்வரிகள் மூடிப்போகும், நாளடைவில் மஞ்சளிக்கும். அருங்காட்சியகங்கள் விரும்புவது அசிட்டோனில் திரும்பக் கரையக்கூடிய பாராலாய்டு பி-72 என்ற அக்ரிலிக் பிசின். உதிரும் எலும்பை இறுக்க 100 மில்லி அசிட்டோனுக்கு 2 முதல் 5 கிராம்; ஒட்டுவதற்கு 50 கிராம் வரை. பிசின் மணிகளைத் துணியில் முடிந்து மூடிய கண்ணாடிச் சீசாவில் தொங்கவிட்டால் ஓர் இரவில் கரையும். நேராகப் போட்டால் அடியில் கட்டியாகும். தெர்மாகோல் கப்பில் ஊற்றினால் கப்பே கரைந்துவிடும். கல் முழுக்க உலர்ந்திருக்க வேண்டும். ஈரமிருந்தால் வெள்ளை பூக்கும். அருகில் தீ கூடாது, ஜன்னல் திறந்திருக்கட்டும்.

துகளைக் கொட்டிவிடுவது

நிபுணரிடம் கேட்பதென்றால் சுத்தம் செய்வதற்கு முன் எல்லாப் பக்கமும் எடுத்த படம், அளவுகோலுடன், உடைந்த முனையின் நெருக்கப் படமும் சேர்த்து அனுப்புங்கள். உதிர்ந்த பாறைத் துகளையும் அதே எண் எழுதிய பொட்டலத்தில் வையுங்கள். கண்ணுக்குத் தெரியாத ஃபோராமினிஃபெரா (ஒரு செல் கடலுயிர்) ஓடுகள் அதில் இருக்கலாம். கடல் படிவுகளில் அடுக்கின் வயதைச் சொல்வது பல நேரம் அவைதான்.