தானாகச் சேரும் நானோப் பொருள்கள்: புராஜெக்ட்டில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

வெப்பமோ ஒளியோ அமிலத்தன்மையோ மாறினால் வடிவத்தை மாற்றிக்கொள்ளும், தானாகவே ஒன்றுசேரும் மென்மையான நானோப் பொருள்களில் நாகர்கோவில் பக்கம் யாராவது எம்.எஸ்சி. புராஜெக்ட் செய்யப்போகிறீர்கள் என்றால், முதலில் ஒரு நல்ல தெர்மாமீட்டர் வாங்குங்கள். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பாலி-என்-ஐசோபுரோப்பைல் அக்ரிலமைடு என்ற பாலிமர், அதாவது லேபில் எல்லோரும் பினிபாம் என்று சொல்வது, தண்ணீரில் சுமார் 32 டிகிரி செல்சியஸ் வரை தெளிவாகக் கரைந்திருக்கும்; அதைத் தாண்டினால் அதன் மூலக்கூறுச் சங்கிலிகள் பிடித்திருந்த தண்ணீரை விட்டுச் சுருங்கி, கரைசல் பால்போல் கலங்கிவிடும். வெளிநாட்டு ஆய்வுக்கட்டுரையில் 'அறை வெப்பநிலை' என்று போட்டிருந்தால் பெரும்பாலும் 20 முதல் 25 டிகிரி. ஏப்ரல் மதியத்தில் ஏசி இல்லாத நம்ம ஊர் லேபில் அந்தக் கணக்கு எங்கே நிற்கும்? கலங்கியதைப் பார்த்து கெட்டுப்போச்சு என்று சிங்க்கில் கொட்டாதீர்கள். ஐஸ் தண்ணீரில் கொஞ்ச நேரம் வையுங்கள், தெளிந்தால் சரக்கு நன்றாகவே இருக்கிறது. சாதாரண உப்பு சேர்ந்தாலும் அந்த 32 கீழே இறங்கும், அதனால் கிணற்றுத் தண்ணீரெல்லாம் வேண்டாம், வாலைவடிநீர்தான்.

புளூரானிக் எஃப்127 என்ற இன்னொரு பாலிமரை எடுப்பவர்கள், சூட்டில் மாறும் இதே குணத்தில் வேறுவிதமாக மாட்டுவார்கள். கரையவில்லையே என்று சூடுபடுத்துவார்கள், அது கட்டிகட்டியாக ஜெல் ஆகிவிடும். 20 சதவீதக் கரைசல் பிரிட்ஜில் திரவம், வெளியே எடுத்து வைத்தால் ஜெல். குளிர்ந்த நீரில் தூளைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தூவி, ராத்திரி முழுக்க பிரிட்ஜில் விட்டுவிடுங்கள்.

பெரிய தவறு வேறொன்று. திரண்டதெல்லாம், வெப்பம், ஒளி, அமிலம் போன்ற 'தூண்டலுக்குப் பொருள் காட்டிய எதிர்வினை' என்று எழுதிவிடுவது. குலசேகரம் பக்கம் ரப்பர் பாலில் பார்மிக் ஆசிட் விட்டு ஷீட்டுக்கு உறைய வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். துகள்களை விலக்கி வைத்திருந்த மின்னூட்டம் அமிலத்தில் போய்விட, எல்லாம் ஒட்டிக்கொள்கிறது. அப்புறம் எவ்வளவு அம்மோனியா ஊற்றினாலும் பால் திரும்பாது. உங்கள் மாதிரியும் அப்படி ஒரே தடவை உறைந்து நின்றுவிட்டால் அது வெறும் திரிதல். மீளும் என்று எழுத வேண்டுமானால் பிஹெச்சை (அமில-கார அளவை) ஏற்றி இறக்கிப் பல சுற்று காட்டுங்கள், ஆனால் ஒவ்வொரு சுற்றிலும் அமிலமும் காரமும் சேர்ந்து உப்பு ஏறிக்கொண்டே போகும், கனஅளவும் கூடும். அதற்கும் கணக்கு வையுங்கள், வைவாவில் கேட்கிற கேள்வி இதுதான்.

ஒளிச்சிதறலை வைத்துத் துகள் அளவைக் காட்டும் டிஎல்எஸ் கருவிக்கு அனுப்பும்போது 'கொஞ்சம் நீர்த்தால் சிக்னல் நன்றாக வரும்' என்று யாராவது சொல்வார்கள். மைசெல் (மூலக்கூறுகள் கூடி உண்டாகும் நுண்திரள்) சேர்வதற்கென்று ஒரு குறைந்தபட்சச் செறிவு உண்டு, அதற்குக் கீழே போனால் மைசெல் கலைந்து தனி மூலக்கூறாகிவிடும். பிறகு கருவி எதை அளக்கும், தூசியைத்தான். எஸ்இஎம் என்ற எலக்ட்ரான் நுண்ணோக்கிப் படமும் அப்படித்தான், துளியைக் காயவைக்கும்போது செறிவு ஏறி, கரைசலில் இல்லாத வடிவமெல்லாம் உருவாகலாம். படம் அழகாக இருக்கிறது என்பதற்காக நம்பிவிடாதீர்கள், ஈரத்தில் எடுத்த அளவு ஒன்று பக்கத்தில் இருக்கட்டும்.

ஒளி பட்டால் வடிவம் மாறும் அசோபென்சீன் மூலக்கூறை வைத்து வேலை செய்பவர்களுக்கு: 365 நானோமீட்டர் புற ஊதா விளக்கு கரைசலைச் சூடும் ஆக்கும். ஒளி படாத இன்னொரு குப்பியை அதே வெப்பநிலையில் வைத்து ஒப்பிடுங்கள். அளக்கப் போகிற வழியில் ஜன்னல் வெளிச்சம் பட்டாலே அந்த விளக்கில் உண்டான சிஸ் (வளைந்த) வடிவம் பழைய டிரான்ஸுக்கு (நேரான வடிவத்துக்கு) திரும்பத் தொடங்கிவிடும், குப்பியில் அலுமினியத் தாளைச் சுற்றிக்கொண்டு போங்கள்.